இறங்க இடமுண்டு, கரையேற இடமுண்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கயாக்கிலும் சிறு படகிலும் போய்ப் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். கயாக்கின் விலை, கோலின் நீளம், எந்த மாதத்தில் எந்த மீன் என்பதெல்லாம் சரியாகவே இருந்தன. விடியற்காலையில் கடல் அசையாமல் கிடக்கும், அப்போது இறங்குவது பாதுகாப்பு என்றும் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஈஞ்சம்பாக்கம், கோவளம் பக்கம் அது ஓரளவு பொருந்தலாம். வடசென்னையில், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையிலான கரையில் அதை நம்பி இறங்கினால் ஆபத்து.

காரணம் கரையிலேயே இருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைச் சென்னைத் துறைமுகத்தின் அலைத் தடுப்புச் சுவர் தடுத்ததால் மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்துக்கொண்டே போனது. அரிப்பை நிறுத்தப் பாறைகளைக் கொட்டினார்கள், பிறகு கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகளைக் கட்டினார்கள். இன்று எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிப் பெரும்பகுதி கல்கரைதான். மணல் இருப்பது தூண்டில் வளைவுகளுக்கு இடையிலுள்ள சில மடிப்புகளிலும் குப்பங்களின் படகுத் துறைகளிலும் மட்டுமே. இறங்க ஒரு மணல்திட்டு கிடைத்துவிட்டது என்று கிளம்புகிறவர், திரும்பும்போது நீரோட்டம் ஒரு கி.மீ. தள்ளிவிட்டிருந்தால் கற்களுக்கு முன்னால் வந்து நிற்பார். ஒரு மீட்டர் அலை மணலில் உடைந்தால் ஆளைப் புரட்டிப் போடும். கல்லில் உடைந்தால் எலும்பை முறிக்கும். ஆகவே இந்தக் கரையில் முதலில் முடிவுசெய்ய வேண்டியது எங்கே ஏறுவது என்பதை. இறங்கும் இடத்துக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு மாற்று இடங்களை முந்தின நாளே நடந்து போய்ப் பார்த்து, கடலிலிருந்து பார்த்தால் அடையாளம் தெரியும்படி ஒரு கோபுரத்தையோ புகைபோக்கியையோ குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் தூண்டில் வளைவின் தென்பக்கத்தில் மணல் சேர்ந்திருக்கும், வடபக்கம் அரித்திருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது மாறும். வளைவின் கல்லை ஒட்டியே கரைக்கு வரக்கூடாது. கரைக்கு வந்த நீர் அந்தக் கல் ஓரமாகத்தான் கடலுக்குத் திரும்பி ஓடுகிறது. அது கயாக்கையும் இழுத்துக்கொண்டு போகும்.

நீரோட்டத்தைப் பற்றி வலைத்தளங்களைவிடக் குப்பத்துப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. பொதுவாகப் பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரை தெண்டி, மழைக்காலத்தில் வன்னி. ஆனால் நாளுக்கு நாள் மாறும், சில நாள் மேல்நீர் ஒரு பக்கமும் அடிநீர் வேறு பக்கமும் ஓடும். கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் "இன்னைக்குத் தெண்டியா, வன்னியா, நைனா?" என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது. ஒரு நாட் வேகத் தெண்டி என்றால் மணிக்கு 1.85 கி.மீ.; மூன்று மணி நேரம் மீனில் கவனமாக இருந்தால் ஐந்தரை கி.மீ. வடக்கே போய்விட்டீர்கள் என்று பொருள். திருவொற்றியூரில் இறங்கியவர் எண்ணூர் ஓரம் இருப்பார். அதற்கும் வடக்கே முகத்துவாரமும் காமராஜர் துறைமுகத்தின் சுவரும்தான். இதற்கு எளிய வழி, முதலில் நீரோட்டத்தை எதிர்த்துப் போய்விடுவது. களைப்பில்லாத கைகளால் ஒரு மணி நேரம் எதிர்த்துத் துடுப்புப் போட்டுவிட்டு, பிறகு மிதந்தபடியே தூண்டில் போட்டுக்கொண்டு இறங்கிய இடத்துக்கு வரலாம்.

இனி, அந்த அசையாத கடல். விடியற்காலையில் இந்தக் கரையில் பெரும்பாலும் வீசுவது கரைக்காத்து, அதாவது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. நிலத்திலிருந்து வரும் காற்றுக்கு, கரையோரத் தண்ணீரில் அலை எழுப்பப் போதிய தூரம் கிடைப்பதில்லை. போதாததற்குக் கிடங்குகளும் மதில்களும் வீடுகளும் காற்றை மறைக்கின்றன. அதனால்தான் கரையில் நிற்பவருக்குக் கடல் கண்ணாடியாகத் தெரிகிறது. ஒன்றரை, இரண்டு கி.மீ. போனபின்தான் காற்றின் முழு வேகமும் முதுகில் தெரியும். அப்போதும் அது போகிற திசையிலேயே தள்ளுவதால் சுகமாகத்தான் இருக்கும். திரும்பும்போதுதான் கணக்கு புரியும். ஆளும் சாமானும் ஏறிய மீன்பிடிக் கயாக்கைச் சராசரி உடல் வலிமையுள்ளவர் அமைதியான நீரில் மணிக்கு ஐந்து கி.மீ. வேகத்தில் ஓட்டலாம். 20 கி.மீ. எதிர்க்காற்றில் அது மூன்றாகக் குறையும். இரண்டு கி.மீ. தூரத்தில் தூண்டில் போட உட்கார்ந்தவர், துடுப்பை மடியில் வைத்த இரண்டு மணி நேரத்தில் காற்றில் மட்டும் இன்னும் ஒன்றிரண்டு கி.மீ. கிழக்கே போயிருப்பார். ஆக நான்கு கி.மீ. திரும்ப வேண்டும், அதுவும் வெயிலேறி, தண்ணீர் தீர்ந்து, தோள் வலிக்கும் நேரத்தில், ஒரு மணி இருபது நிமிடத்துக்குக் குறையாமல். காற்று 30 கி.மீ. ஆகிவிட்டால் துடுப்புப் போட்டபடியே பின்னால் போவார். ஆனி, ஆடி, ஆவணியில் மேற்குக் காற்று விடாமல் அடிக்கும் காலைகளில் இது நடக்கும். கடற்காற்று எழும்பினால் திரும்பிவிடலாம் என்று நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு செய்தி: மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று மதியம் தாண்டித்தான் எட்டிப் பார்க்கும், சில நாள் வராமலே போகும்.

ஆகவே காற்று மேற்கிலிருந்து மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் கயாக்கை இறக்கவே வேண்டாம். கடலில் இருக்கும்போது கிழக்கே ஆங்காங்கே வெண்ணுரை தெரியத் தொடங்கினால், அதுவே திரும்பும் நேரம். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும்.

முன்னறிவிப்பைப் படிப்பதிலும் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் நிறுவனமான இன்கோயிஸ் வெளியிடும் அலை உயரம் என்பது மிகப்பெரிய அலையின் உயரம் அல்ல, பெரிய மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால், இரண்டு மீட்டரை ஒட்டிய அலை ஒன்றிரண்டாவது வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உயரத்தோடு, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் எத்தனை நொடி என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு நொடி என்றால் உள்ளூர்க் காற்றில் எழுந்த சில்லலை; உடம்பை நனைக்கும், அவ்வளவுதான். 14, 15 நொடி என்றால் வெகுதொலைவிலிருந்து வரும் நெடிய அலை. ஆழத்தில் அது இருப்பதே தெரியாது, கரையில் சரிவான மணலில் சுருண்டு விழும்போது தெரியும்.

அலை உடையும் இடத்தைத் தாண்டுவதற்கு வீரம் உதவாது, பொறுமை உதவும். அலைகள் கூட்டமாக வரும்; பெரிய நான்கைந்து வந்தபின் சிறிது நேரம் அடங்கும். இரண்டு மூன்று சுற்றுகளைக் கரையில் நின்று பார்த்துவிட்டு அந்த இடைவெளியில் போக வேண்டும். கோல், ரீல், பெட்டி எல்லாம் உள்ளே போட்டு மூடி, அல்லது படுக்கவைத்துக் கட்டியிருக்க வேண்டும். நட்டுவைத்த கோல் முதல் அலையிலேயே ஒடியும், அதன் முள் ஓட்டுபவர் கையில் ஏறும். முன்முனை எப்போதும் அலைக்கு நேராக. திரும்பும்போது உடையும் இடத்துக்கு வெளியே காத்திருந்து, கூட்டத்தின் கடைசிப் பெரிய அலை தாண்டியதும் அதன் முதுகைத் தொடர்ந்து வர வேண்டும். கயாக் குறுக்கே திரும்பிவிட்டால் உடம்பை அலை வரும் பக்கமாகச் சாய்க்க வேண்டும், கரைப்பக்கம் சாய்ந்தால் கவிழும். இறங்குவதும் கடல் பக்கமாகத்தான். கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள்; 35 கிலோ கயாக், உள்ளே தண்ணீரும் சேர்ந்து, அலையோடு வந்து முழங்காலில் மோதினால் கால் ஒடிந்துவிடும்.

கவிழ்ந்தால் மறுபடி ஏறத் தெரியாதவர் தனியாகப் போகக்கூடாது. மேலே உட்காரும் வகைக் கயாக்கில் இது கடினமல்ல. கவிழ்ந்து கிடக்கும் கயாக்கின் நடுவில் போய், மறுபக்க விளிம்பையோ கைப்பிடி வாரையோ பிடித்து, உடல் எடையைப் பின்னால் சாய்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு காலை நீரில் மேலே மிதக்கவிட்டு உதைத்தபடி வயிறு இருக்கைக்கு மேல் வரும்வரை ஏறி, புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே எடுக்க வேண்டும். நேராக நின்றபடி ஏற முயன்றால் கயாக் தலைமேல் கவிழும். ஆழமில்லாத அமைதியான நீரில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டே பழக வேண்டும். ஜாக்கெட்டின் பருமன் ஏறும்போது இடிக்கும், அதற்கும் பழக்கம் தேவை. துடுப்பு கயிற்றால் கயாக்கோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். கோல்களுக்கும் கயிறு கட்டுவார்கள், தவறில்லை, ஆனால் கயிறுகள் கூடக்கூடக் கவிழும்போது காலில் சுற்றும். ஜாக்கெட்டின் நெஞ்சுப் பகுதியில் ஒரு கத்தி, ஒரே கையால் உருவும்படி.

கவிழ்வதற்கு அலையைவிட அதிகக் காரணமாக இருப்பது உள்ளே புகுந்த தண்ணீர். மூடியின் ரப்பர் காய்ந்திருக்கும், வடிதுளையின் ஓரம் இழுத்து இழுத்து விரிசல் விட்டிருக்கும், கோல் தாங்கி பொருத்தத் துளைத்த ஆணி ஓட்டையில் சீலன்ட் வைக்காமல் விட்டிருப்பார்கள். இருபது லிட்டர் உள்ளே புகுந்தாலே போதும். ஒரு பக்கம் சாய்ந்தால் அத்தனையும் அந்தப் பக்கமே ஓடும், நிமிராது. கயாக் வழக்கத்தைவிட மந்தமாகத் திரும்புகிறது என்று தோன்றினால் உடனே மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே நுரைக் குழல்களை அடைத்து வைத்தால் முழுக்க நிரம்பினாலும் மூழ்காது. கரையில் அடிப்பக்க வடி அடைப்பானை மாட்ட மறப்பது எல்லோருக்கும் நேர்கிறது. அதை லைஃப் ஜாக்கெட்டிலேயே கட்டி வைத்தால் மறக்க முடியாது.

நங்கூரம் போடுவதில்தான் கற்றவர்களும் சறுக்குகிறார்கள். பக்கவாட்டில், உட்கார்ந்த இடத்துக்கு எதிரிலேயே கயிற்றைக் கட்டுவது வசதி. நீரோட்டம் இழுக்கும்போது அந்த விளிம்பு நீருக்குள் போகும், கயாக் கவிழும். கயிறு எப்போதும் முன்முனையிலோ பின்முனையிலோதான் இழுபட வேண்டும்; அதற்கு ஓரமாக ஓடும் கப்பிக் கயிறு ஒன்று போதும். ஒன்றரை கிலோ மடக்கு நங்கூரம், ஒரு மீட்டர் சங்கிலி, ஆழத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு மிதவை. அவசரத்தில் கழற்றிவிட்டுப் போய்ப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். தூண்டில் வளைவுக் கற்களுக்குப் பக்கத்தில் நங்கூரம் சிக்கினால் விடாது. ஆகவே சங்கிலியை நங்கூரத்தின் அடிப்பக்கத்தில் கட்டி, மேல் வளையத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டையால் மட்டும் பிணைத்து வைக்க வேண்டும். ஓங்கி இழுத்தால் டை அறுந்து, நங்கூரம் தலைகீழாக உருவிக்கொண்டு வரும். இரண்டு நாட் வேகத்துக்கு மேல் ஓட்டமிருந்தால் நங்கூரமே வேண்டாம்.

ஒன்பதரை, பத்துக் குதிரைச் சக்தி அவுட்போர்டு மாட்டிய சிறு படகுக்காரர்களுக்குச் சில சொற்கள். இந்தக் கரை நீரில் மிதக்கும் பாலித்தீன் பைகள் என்ஜினைக் குளிர்விக்கும் நீர் நுழையும் துளையை அடைக்கும். என்ஜின் பின்னால் பீய்ச்சும் மெல்லிய நீர்க்கோடு நின்றுவிட்டால் அந்தக் கணமே அணைக்க வேண்டும், இரண்டு நிமிடம் தாமதித்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அணைப்புக் கயிறு மணிக்கட்டில் இருக்க வேண்டும், கொக்கியில் அல்ல. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல். திரும்பியதும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவாவிட்டால், உப்பு உள்ளே கல்லாகும்.

வலைகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கரையோரக் கடல் நாட்டுப்படகுக்காரர்களின் பிழைப்பு. தெர்மகோல் துண்டுகளும் மூங்கிலில் கட்டிய கறுப்புக் கொடியும் ஒரு வரிசையாகத் தெரிந்தால், இடையில் வலை தொங்குகிறது. இரண்டு கொடிகளுக்கு நடுவே காலியாக இருக்கிறது என்று புகுவதுதான் புதியவர்கள் செய்வது. துடுப்புக் கயாக் மேலே வழுக்கிப் போய்விடலாம். மிதிக் கயாக்கின் துடுப்புச் செதில்களும் படகின் புரொபெல்லரும் சிக்கும். சிக்கினால் இழுக்காதீர்கள், அறுக்காதீர்கள். செதிலை மேலே மடக்கி, என்ஜினை அணைத்துத் தூக்கி, கையால் ஒவ்வொரு கண்ணியாக விடுவிக்க வேண்டும். வலைக்காரர் பக்கத்தில் இருந்தால் அவரை அழைக்க வேண்டும். கிழிந்திருந்தால் மறைக்காமல் சொல்லி, கேட்டதைக் கொடுக்க வேண்டும். சும்மா பொழுதுபோக்குக்கு வந்தவர் ஒருவரின் அன்றைய பிழைப்பைக் கெடுத்துவிட்டு ஓடிப்போவதால்தான், அடுத்து வருகிறவருக்குக் குப்பத்தில் இடமில்லாமல் போகிறது. இறங்குவதற்கு முன் அந்த ஊர் பஞ்சாயத்தாரிடம் ஒரு சொல் கேட்பது முறை. பழவேற்காட்டில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதற்குப் பாடு என்ற பழைய முறையே இருக்கிறது. அங்கே போய், நல்ல இடமென்று நடுவில் கயாக்கை நிறுத்துவது அத்துமீறல். பிடித்ததைக் காசிமேட்டு ஏலத்துக்குக் கொண்டுபோய் விற்பதும் அப்படியே.

பைபர் படகுகள் கரைக்குத் திரும்பும் அதிகாலைதான் கயாக் இறங்கும் நேரமும். முன்முனை தூக்கி ஓடும் படகில் பின்னால் நிற்பவருக்கு, நீர்மட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் தெரியமாட்டார். நான்கடி உயரக் கம்பத்தில் ஆரஞ்சுக் கொடி, இருட்டில் வெள்ளை விளக்கு, பளிச்சென்ற சட்டை. நீலக் கயாக்கும் நீலச் சட்டையும் படத்தில் அழகு, கடலில் மறைந்துபோகும். காசிமேட்டு வாயில், சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி ஆகியவற்றின் சுவர்களையும் கப்பல் தடங்களையும் ஒட்டிப் போகவே கூடாது. பாதுகாப்புப் படையினர் நிறுத்துவார்கள் என்பது ஒருபுறம். கப்பலின் மேல்தளத்திலிருந்து, அதன் முன்னால் நூறு மீட்டரில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்தாலும் அது நிற்காது.

எண்ணூர் முகத்துவாரத்தில் கொடுவாவும் செப்பிலியும் கிடைக்கும் என்பதால் பலருக்கும் அதன்மேல் கண். சென்னைக் கரையில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்றாலும், அத்தனை நீரும் குறுகிய வாயில் வழியே வற்றும்போது ஓட்டம் கடுமை. வற்றும் நீரும் எதிரே வரும் அலையும் மோதும் இடத்தில் அலை நின்ற இடத்திலேயே எழும்பி எழும்பி விழும். மணல்திட்டும் மழைக்கு மழை இடம் மாறும். நீர் ஏறும்போது, அதுவும் ஏற்றத்தின் கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும் போவது நல்லது. அங்கே பிடித்ததை விட்டுவிட்டு வாருங்கள் என்பது எங்கள் கருத்து. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதியதில் கடலில் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொசஸ்தலை ஆற்றில் பரவிய எண்ணெய், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அனல் மின் நிலையச் சாம்பல் எல்லாம் அந்தச் சேற்றில்தான் படிந்திருக்கின்றன.

தூண்டிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கட்டுரை சொன்னதே போதும். இரண்டைச் சேர்க்கிறோம். சீலா, வஞ்சிரத்துக்கு 15 செ.மீ. கம்பித் துண்டு இல்லாமல் தங்கூசி நரம்பை நம்பாதீர்கள். ரீலின் இறுக்கத்தை நூலின் வலிமையில் நான்கில் ஒரு பங்குக்கு வையுங்கள். ஒன்பது கிலோ நூலுக்கு இரண்டு கிலோ சொச்சம். அதற்குமேல் இறுக்கினால், பெரிய பாறை மீன் பக்கவாட்டில் ஓடும்போது நூல் அறுவதற்கு முன் கயாக் சாயும். கெளுத்தியின் முள்ளோ திருக்கையின் முள்ளோ ஏறினால், தாங்கும் அளவு சுடுநீரில், ஏறத்தாழ 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைக்க வலி குறையும், பிறகு மருத்துவமனை. நச்சு மீனான பேத்தையை எந்தக் காரணத்துக்கும் சமைக்க வேண்டாம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் மேலே மிதக்கும். ஆமை தூண்டிலில் மாட்டினால் படகில் ஏற்றி முள்ளைப் பிடுங்க முயலாமல், நூலை வாயருகே அறுத்து விடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது, துடுப்புக் கயாக்குக்கு அல்ல. மீன்வளத் துறையிடம் ஒரு கோரிக்கை: திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையில், குப்பத்தார் சம்மதத்தோடு, ஒரே ஒரு தூண்டில் வளைவு மடிப்பைப் பொழுதுபோக்குப் படகுகள் ஏறி இறங்கும் இடமாக அறிவித்து, அங்கே ஒரு பலகை வைக்கலாம். கரைக்காத்து பற்றிய எச்சரிக்கை, மாற்றுக் கரையேறும் இடங்கள், கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்கள் அதில் இருந்தால் போதும். பயணம் கிளம்பும்போது வீட்டில் ஒருவரிடம் இறங்கும் இடம், கயாக்கின் நிறம், திரும்பும் நேரம் மூன்றையும் சொல்லி, அந்த நேரம் தாண்டி ஒரு மணி ஆனால் 1554-க்கு அழைக்கச் சொல்ல வேண்டும்.

தங்களிடம் கேட்பது இது. வானிலைப் பகுதியில் வெப்பநிலைக்குக் கீழே இரண்டு அங்குல இடம் ஒதுக்கி, வடசென்னைக் கடலுக்குக் காலை 6 மணிக்கும் 10 மணிக்கும் காற்றின் திசையும் வேகமும், அலை உயரமும் நொடி இடைவெளியும், ஓட்டம் தெண்டியா வன்னியா என்பதும் தினமும் வெளியிடுங்கள். இன்கோயிஸ் முன்னறிவிப்பில் இதற்கு வேண்டிய தகவல் இருக்கிறது.

இப்படிக்கு,
தூண்டில் படகு நண்பர்கள் சிலர்,
திருவொற்றியூர், சென்னை